7,500 ரூபாய்ச் சம்பளமும் 31 மழலைகளும்

கேள்வி

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு, எனக்கு வயது 29. பி.ஏ. தமிழ் படித்திருக்கிறேன். எங்கள் கிராமத்துக்குப் பக்கத்து ஊரில் உள்ள தனியார் நர்சரி பள்ளியில் 6 ஆண்டுகளாக எல்.கே.ஜி. ஆசிரியையாக வேலை பார்க்கிறேன். என் வகுப்பில் 31 பிள்ளைகள். இரண்டு வகுப்புகளுக்குச் சேர்த்து ஒரே ஆயா. மாதம் 7,500 ரூபாயைக் கையில் தருகிறார்கள். மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது. நியமன ஆணை என்று எதுவும் தரவில்லை. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக் கட்டணம் 18,000 ரூபாய். 35,000 ரூபாய் கட்டி ஒரு தனியார் நிறுவனத்தில் மாண்டிசோரி சான்றிதழ் வாங்கி வந்தால் சம்பளம் கூட்டுவதைப் பற்றி யோசிக்கலாம் என்கிறார் தாளாளர். இதற்கிடையே எங்கள் கிராமத்து அங்கன்வாடியில் பணியாளர் இடம் காலியாக இருக்கிறது. அறிவிப்பு வந்தால் விண்ணப்பிக்கலாமா என்று நினைக்கிறேன். “பிள்ளை பார்த்துக்கொள்கிற வேலைக்கு இதற்கு மேல் யார் தருவார்கள்?” என்று என் மாமியார் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு குறைந்த சம்பளம்? நான் அங்கன்வாடிக்குப் போகலாமா? அந்தச் சான்றிதழுக்குப் பணம் கட்டலாமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாமியார் கேட்ட கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளுக்கும் வேர் அதில்தான் இருக்கிறது. அவர்கள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான்கு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கிய ஒரு பெண்ணுக்கு, யாரும் சம்பளம் தராமல் தான் செய்து முடித்த வேலையைத்தான் மருமகளும் செய்கிறாள் என்று தோன்றுவது இயல்பு. அரசும் பள்ளி நிர்வாகங்களும் அதே நினைப்பிலேயே இந்த வேலைக்குக் கூலி வகுத்திருப்பதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

நான் 24 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளர்களுக்குப் பயிற்சி அளித்தவள். மையங்களுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்ப்பது என் வேலையின் ஒரு பகுதி. ஒருநாள் ஒரு மையத்தில், நாலு வயதுப் பையன் ஒருவன் புளியங்கொட்டைகளை இரண்டு வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். இரண்டு வரிசையிலும் ஏழு ஏழு கொட்டைகள். பணியாளர் அவன் அருகில் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு வரிசையின் கொட்டைகளை மட்டும் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்து, “இப்போ எதுல நிறைய இருக்கு?” என்று கேட்டார். பையன் நீளமான வரிசையைக் காட்டினான். அவர் “தப்பு” என்று சொல்லவில்லை, “அப்படியா? எங்கே, ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஜோடி சேர்த்துப் பார்க்கலாமா?” என்றார். பையன் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போய், கடைசிக் கொட்டைக்கும் ஜோடி கிடைத்ததும் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். பரப்பி வைப்பதால் எண்ணிக்கை மாறுவதில்லை என்பதை அந்தக் குழந்தை தானாகவே கண்டுகொண்ட நொடி அது. அந்த வயதில் குழந்தையின் மனம் எண்ணை எப்படி வாங்கிக்கொள்கிறது என்று தெரிந்த ஒருவரால்தான் அந்தக் கேள்வியை, அந்த நேரத்தில், அந்தக் குரலில் கேட்க முடியும். பிள்ளை பார்த்துக்கொள்வதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை உங்கள் மாமியாரிடம் சொல்ல வேண்டுமானால், இந்தப் புளியங்கொட்டைக் கதையைச் சொல்லுங்கள். இன்னும் நல்லது, ஒருநாள் அவர்களை உங்கள் வகுப்புக்கே அழைத்துப்போய் உட்கார வையுங்கள்.

அன்று அந்தப் பாடம் எப்படி முடிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த பையனிடம் அவர் திரும்புவதற்குள் கைபேசி அடித்தது. மாதாந்திர எடை விவரங்களை மதியத்துக்குள் பதிவேற்றச் சொல்லி மேற்பார்வையாளர் பேசினார். வாசலில் இணை உணவு மாவு வாங்க இரண்டு கர்ப்பிணிகள் வந்து நின்றார்கள். கொட்டைகள் டப்பாவுக்குள் போயின. அந்த நாளில் அந்த மையத்தில் கல்வி என்று சொல்லத்தக்கது நடந்தது 23 நிமிடங்கள். என் குறிப்பேட்டில் நான் நேரம் குறித்து வைத்திருந்தேன்.

இனி, சம்பளம் ஏன் குறைவு என்பதற்கு வருகிறேன். முதலில் உங்கள் பள்ளியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். 31 பிள்ளைகள், தலைக்கு 18,000 ரூபாய் என்றால் உங்கள் ஒரு வகுப்பிலிருந்து ஆண்டுக்கு 5,58,000 ரூபாய் வர வேண்டும். 11 மாதச் சம்பளமாக உங்களுக்குக் கிடைப்பது 82,500 ரூபாய். அதாவது 100 ரூபாய் வந்தால் அதில் 15 ரூபாய்கூட ஆசிரியைக்குப் போகவில்லை. கட்டட வாடகை, வேன், மின்கட்டணம், மற்ற ஊழியர்கள் எல்லாம் இருக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 25 விழுக்காடு இடங்களில் சேரும் பிள்ளைகளுக்கு, நம் மாநிலத்தில் நுழைவு வகுப்பு எல்.கே.ஜி. என்பதால், அரசு தர வேண்டிய கட்டணம் காலம் தாழ்த்தியே வருகிறது என்பதும் உண்மை. 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தபோது இந்தத் தொகையும் சிக்கிக்கொண்டது. 2025-26-ல் இந்த இடங்களுக்கான சேர்க்கையே பல மாதங்கள் தள்ளிப்போனது. சிறிய பள்ளிகள் அதில் உண்மையாகவே தடுமாறின. ஆனால் நிதி வந்த ஆண்டுகளிலும் ஆசிரியையின் பங்கு கூடியதில்லை என்பதை நீங்கள் ஆறு ஆண்டுகளாகப் பார்த்திருப்பீர்கள். பள்ளியில் எல்லாச் செலவும் போக மிஞ்சுவதுதான் மழலை வகுப்பு ஆசிரியையின் சம்பளம் என்று கணக்குப் போடப்படுகிறது. வேன் ஓட்டுநருக்கு அப்படிக் கணக்குப் போட்டால் அவர் மறுநாளே வேறு வண்டிக்குப் போய்விடுவார். உங்களுக்கோ வீட்டுக்குப் பக்கத்தில் வேறு வேலை இல்லை என்பது நிர்வாகத்துக்குத் தெரியும்.

அரசுப் பக்கம் உள்ள காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. கல்வி அடிப்படை உரிமையானது 6 வயது முதல் 14 வயது வரைதான். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பராமரிப்புக்கும் கல்விக்கும் அரசு முயல வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, 2002-ல் செய்த 86-ஆவது திருத்தத்துக்குப் பிறகு சொல்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 11-ஆவது பிரிவும் 3 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு முன்பருவக் கல்விக்கான ஏற்பாடுகளை அரசு செய்யலாம் என்ற அளவில் நின்றுவிடுகிறது. செய்ய வேண்டும் என்று இருக்கும் இடத்தில் ஆசிரியர் பணியிடம் உருவாகிறது, ஊதியக்குழு வருகிறது. செய்யலாம் என்று இருக்கும் இடத்தில் திட்டமும் மதிப்பூதியமும் வருகின்றன.

அந்தத் திட்டம்தான் அங்கன்வாடி. முற்றத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து, குழந்தைகளின் வீட்டு வாசலுக்கே கல்வியைக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்த தாராபாய் மோடக் என்ற கல்வியாளர் மகாராஷ்டிரத்தில் உருவாக்கிய பெயர் அது. மீனா சுவாமிநாதன் தலைமையிலான குழு 1972-ல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. (மீனா சுவாமிநாதன், நம் எழுத்தாளர் கிருத்திகாவின் மகள், சென்னையில் வாழ்ந்து, மழலைக் கல்விக்காகக் கடைசி வரை உழைத்தவர். பயிற்சி மையங்களில் அவர் பெயரைச் சொல்லாமல் நான் வகுப்பைத் தொடங்கியதே இல்லை.) அந்தத் திட்டத்தில் வேலை செய்யும் பெண்ணை ஊழியர் என்று சொல்லாமல், சமூகத்துக்குத் தொண்டு செய்ய முன்வந்தவர் என்று வகைப்படுத்தினார்கள். சம்பளம் என்ற சொல்லுக்குப் பதில் மதிப்பூதியம் வந்தது அப்படித்தான். ஐம்பது ஆண்டுகளாக அந்த ஒரு சொல்லுக்கு இந்தப் பெண்கள் கொடுத்த விலை மிகப் பெரிது.

ஒன்றிய அரசின் அளவுகோலில் இந்த மதிப்பூதியம் 2011-ல் 3,000 ரூபாய் ஆனது. 2018 அக்டோபரில் 4,500 ரூபாய் ஆனது. அதன் பிறகு பல ஆண்டுகள் அந்த இடத்திலேயே நின்றது. அந்த 4,500 ரூபாயிலும் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, அதாவது 2,700 ரூபாய்தான். நம் மாநிலத்தில் பணியாளர்களுக்கு, ஆண்டுதோறும் உயரும் சிறப்புக் காலமுறை ஊதியம் இருப்பதால் நிலை இதைவிட மேல். 4,500-க்கு மேல் உள்ள ஒவ்வொரு ரூபாயும் மாநிலத்தின் சொந்த நிதி. 2025-ல் வந்த நியமன அறிவிப்பின்படி, பணியாளருக்கு முதல் 12 மாதங்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதன் பிறகு 7,700 முதல் 24,200 வரையிலான சிறப்புக் காலமுறை ஊதியம், அகவிலைப்படியுடன். சிறு குடியிருப்புகளுக்கான குறு அங்கன்வாடிப் பணியாளருக்கு 5,700 முதல் 18,000 வரை. உதவியாளருக்கு 4,100 முதல் 12,500 வரை. அறிவிப்பு வரும்போது நீங்கள் விண்ணப்பிப்பது முதன்மை மையமா, குறு மையமா என்பதை முதலில் பாருங்கள். வித்தியாசம் மாதம் 2,000 ரூபாய்.

நீதிமன்றங்களிலும் இந்தச் சொல்லோடுதான் போராட்டம் நடந்திருக்கிறது. 2006-ல் கர்நாடக வழக்கு ஒன்றில், அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசின் குடிமைப் பணியிடத்தை வகிப்பவர்கள் அல்லர், அதாவது அரசு ஊழியர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2022 ஏப்ரல் 25 அன்று, குஜராத்தைச் சேர்ந்த பணியாளர்களின் வழக்கில் அதே நீதிமன்றம், அவர்கள் பெறும் மதிப்பூதியமும் ஊதியமே என்றும், 1972-ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டத்தின்படி அவர்களுக்குப் பணிக்கொடை (வேலையிலிருந்து விலகும்போது தர வேண்டிய தொகை) உண்டு என்றும் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு வந்த மாலை என்னிடம் பயின்ற பலர் கூப்பிட்டார்கள். பணத்தைப் பற்றி யாரும் முதலில் பேசவில்லை. “நாம வாங்குறது சம்பளம்னு கோர்ட் சொல்லிடுச்சுக்கா” என்றுதான் சொன்னார்கள்.

அங்கன்வாடிக்குப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், போகலாம் என்பதே. முதல் ஆண்டின் தொகுப்பூதியத்தையே பாருங்கள்: மாதத்தில் 200 ரூபாய்தான் கூடுதல் என்று தோன்றும், ஆனால் 12 மாதமும் கிடைப்பதால் ஆண்டுக்கு 92,400 ரூபாய், இப்போது நீங்கள் பெறுவதைவிட 9,900 ரூபாய் அதிகம். அதன் பின் ஆண்டு ஊதிய உயர்வும் அகவிலைப்படியும் சேரும். அதைவிடப் பெரிது, கையில் ஓர் ஆணை இருக்கும். நாளை காலை வர வேண்டாம் என்று யாரும் வாய்மொழியாகச் சொல்லிவிட முடியாது. 2025 அறிவிப்பில் பணியாளருக்குக் கல்வித் தகுதி 12-ஆம் வகுப்புத் தேர்ச்சி, வயது 25 முதல் 35 வரை. உங்களுக்கு 29 என்பதால் இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன, ஆனால் அறிவிப்புகள் ஆண்டுதோறும் வருவதில்லை. வரும் அறிவிப்பை விட்டுவிடாதீர்கள். உள்ளூர்க்காரர் என்பதற்கான இருப்பிடச் சான்றுகளை இப்போதே சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இடம் வாங்கித் தருகிறேன் என்று யார் வந்தாலும், அவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் எந்த உறவினராக இருந்தாலும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வாழ்நாள் சேமிப்பைக் கொடுத்துவிட்டு வேலையும் இல்லாமல் நின்ற பெண்களை நான் அறிவேன். ஆணை கைக்கு வரும் வரை இப்போதைய வேலையையும் விட வேண்டாம்.

ஆனால் தெரிந்து போங்கள். அங்கே நீங்கள் ஆசிரியை மட்டும் அல்ல. திட்டத்தின் ஆறு பணிகளில் முன்பருவக் கல்வி ஒன்று. இணை உணவு, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மருத்துவமனைக்கு அனுப்புதல், தாய்மார்களுக்கான ஊட்டச்சத்து-சுகாதாரக் கல்வி ஆகியவை மற்ற ஐந்து. முட்டை கணக்கு, அரிசி பருப்பு இருப்பு, வீட்டுப் பார்வை, எடை உயரம் எல்லாம் உண்டு. 2021 முதல், மையத்தின் விவரங்களைக் கைபேசியில் பதியும் போஷன் டிராக்கர் செயலி. 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு முகப்பதிவு. சிக்னல் கிடைக்காத ஊரில் ஒரு தாயின் முகத்தைச் செயலி ஏற்றுக்கொள்வதற்குள், உள்ளே பாட்டுப் பாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் கலைந்துவிடுவார்கள். நீங்கள் இப்போது நாள் முழுவதும் வகுப்பில் இருக்கிறவர்; இந்த மாற்றம் முதலில் உங்களை மிகவும் வருத்தும்.

இங்கேதான், நிதி எங்கே போக வேண்டும் என்பதைப் பற்றி நான் உறுதியாக நம்பும் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள், 2016-க்கும் 2018-க்கும் இடையில் தமிழ்நாட்டிலேயே 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டு ஓர் ஆய்வு செய்தார்கள். அவற்றில் பாதி மையங்களில், முன்பருவக் கல்வியை மட்டும் கவனிக்க, அரைநாள் வேலைக்கு இன்னொரு பெண்ணை மாதம் சுமார் 4,000 ரூபாயில் சேர்த்தார்கள். கல்விக்குச் செலவான நேரம் ஏறக்குறைய இரு மடங்கானது. 18 மாதங்கள் கழித்துப் பார்த்தபோது அந்த மையங்களின் குழந்தைகள் மொழியிலும் கணக்கிலும் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். எல்லாரும் எதிர்பாராத ஒன்றும் நடந்தது: பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்து ஊட்டச்சத்துப் பணியைக் கவனித்ததால், வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவும் குறைந்தன. வேலை தெரியாதவர்கள் என்று பணியாளர்களைக் குறைசொல்லிக்கொண்டே ஒவ்வோர் ஆண்டும் புதிய பயிற்சிக் கையேடு அச்சடிக்கிறோம். அவர்களுக்கு இல்லாதது பெரும்பாலும் அறிவு அன்று, நேரம். ஒவ்வொரு மையத்திலும் கல்விக்கென்று ஒருவர் வேண்டும். தமிழ்நாட்டின் 54,000-க்கும் மேற்பட்ட மையங்களில் அதைச் செய்ய ஆகும் செலவை நான் வீண்செலவாக ஒருநாளும் நினைக்க மாட்டேன். ஆனால் அந்த இரண்டாவது பெண்ணையும் 4,000 ரூபாயிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அந்த ஆய்விலிருந்து யாரும் பொருள் கொண்டுவிடக் கூடாது. ஏற்கெனவே ஒரு வலியான முன்னுதாரணம் இருக்கிறது. 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கின. முதலில் இடைநிலை ஆசிரியர்களை அனுப்பினார்கள். 2022-ல் அவர்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு, மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில், ஆண்டுக்கு 11 மாதங்களுக்கு, தற்காலிகச் சிறப்பாசிரியர்களை அமர்த்த ஆணையிட்டார்கள். ஒரே வகுப்பறை, ஒரே பிள்ளைகள், ஒரே பாடம். நிரந்தர ஆசிரியர் எடுத்தபோது ஆசிரியர் ஊதியம், வேறொரு பெண் எடுத்தபோது 5,000 ரூபாய். மே மாதச் சம்பளம் இல்லை என்கிற உங்கள் தாளாளரை நான் குறைசொல்லும்போது, அந்த 11 மாத ஆணையையும் சேர்த்தே குறைசொல்ல வேண்டியிருக்கிறது.

அடுத்து, அந்த 35,000 ரூபாய்ச் சான்றிதழ். உங்கள் சம்பளத்தில் அது கிட்டத்தட்ட ஐந்து மாத உழைப்பு. “கட்டிப் படித்து வாருங்கள், பிறகு யோசிக்கலாம்” என்பது வாக்குறுதி ஆகாது. படித்து முடித்தால் எந்த மாதத்திலிருந்து எவ்வளவு உயரும் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால் கட்டாதீர்கள். பள்ளிக்கு அந்தப் பயிற்சி தேவையென்றால் கட்டணத்தில் ஒரு பங்கையாவது பள்ளி ஏற்க வேண்டும் என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

மாண்டிசோரி முறையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை உருவாக்கிய இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி 1939-ல் நம் அடையாறுக்கே வந்து சுமார் 300 பேருக்குப் பயிற்சி அளித்தவர். போர்க்காலத்தில் கொடைக்கானலில் தங்கி அங்குள்ள குழந்தைகளோடு வேலை செய்தவர். அவர் வகுத்த பயிற்சியில், கருவிகளைக் கையால் பழகுவதும் உண்மையான வகுப்பில் அமர்ந்து குழந்தைகளை மணிக்கணக்கில் கவனிப்பதும்தான் உயிர். இன்று அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம் என்ற நிலை இருக்கிறது. ஆகவே எந்த நிறுவனமாக இருந்தாலும் சேருவதற்கு முன் கேளுங்கள்: வகுப்பறையில் கவனிக்கும் நேரம் எத்தனை மணி? நான் பாடம் நடத்தும்போது உட்கார்ந்து பார்த்துத் திருத்துபவர் யார்? சான்றிதழில் முத்திரை யாருடையது? வார இறுதியில் ஆறு வகுப்புகளும் ஒரு பட்டமளிப்பு விழாவும் என்றால் அந்தப் பணத்தை வீட்டில் வைத்திருப்பது மேல்.

முறையான படிப்பு வேண்டுமென்றால், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் விதிகளில் முன்பருவக் கல்விக்கென்றே இரண்டு ஆண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது. சேரும் கல்லூரிக்கு அந்தக் குழுமத்தின் அங்கீகாரம் உள்ளதா என்பதைக் கல்லூரியின் சொல்லை நம்பாமல் குழுமத்தின் பட்டியலிலேயே பாருங்கள். வேலையை விடாமல் படிக்க வேண்டுமென்றால், இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நடத்தும் மழலையர் பராமரிப்பு மற்றும் கல்விப் பட்டயம் உங்கள் நிலைமைக்குப் பொருந்தும். அது ஒழுங்கான பாடத்திட்டம். நான் மதிக்கிற படிப்பு. ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன்: பட்டயம் பெற்றதால் அங்கன்வாடியில் உங்கள் ஊதியம் ஒரு ரூபாய்கூட உயராது. அங்கே மேலே போகும் வழி பதவி உயர்வு. ஐந்து ஆண்டு அனுபவம் உள்ள பணியாளர்களைக் கொண்டு மேற்பார்வையாளர் இடங்களில் பாதியை நிரப்ப வேண்டும் என்று ஒன்றிய அரசின் 2022 வழிகாட்டுதல் சொல்கிறது. பட்டதாரியான உங்களுக்கு அந்த வழி திறந்திருப்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கன்வாடிக்குள் கிடைக்கும் பயிற்சி பற்றியும் கேட்பீர்கள். நான் பணியாற்றிய காலத்தில் பணிப்பயிற்சி 26 வேலை நாட்கள். புத்தாக்கப் பயிற்சி 5 நாட்கள். 2023 மே மாதம் தொடங்கிய ‘போஷன் பி படாய் பி’ திட்டத்தில், ஊட்டச்சத்தோடு கல்வியும் என்ற நல்ல நோக்கத்தோடு, நாளுக்கு 2 மணி நேரம் தரமான முன்பருவக் கல்வி தர வேண்டும் என்று வகுத்து, அதற்குப் பணியாளர்களுக்கு 3 நாள் பயிற்சி கொடுத்தார்கள். தேசியக் கல்விக் கொள்கை 2020, 12-ஆம் வகுப்பு முடித்த பணியாளர்களுக்கு 6 மாதச் சான்றிதழ்ப் படிப்பு என்றது. அந்தக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. கொள்கை எதுவானாலும், பயிற்சி முடித்தவருக்கு ஊதியத்தில் ஒரு படி கூடும் என்று எந்த ஆவணத்திலும் உறுதியாக எழுதாத வரை, பயிற்சி என்பது பணியாளர் தலையில் ஏறும் இன்னொரு சுமையாகவே இருக்கும். பயணப்படி கூடக் கைக்கு வராமல், கைக்குழந்தையோடு பேருந்தில் வந்து பின்வரிசையில் தூங்கிவிழுந்த பெண்களை நான் ஒருபோதும் எழுப்பியதில்லை.

இப்போதைய பள்ளியில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது, அதைத் தள்ளிப்போடாதீர்கள். தனியார் பள்ளி ஆசிரியர்களுக்கும் பணிக்கொடை உண்டு. 2009-ல் சட்டத்தைத் திருத்தி, 1997 ஏப்ரல் 3 முதல் செல்லும்படி ஆசிரியர்களைச் சேர்த்தார்கள். தனியார் பள்ளிகள் எதிர்த்து வழக்காடியும், 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் இந்த உரிமை சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் தொடர்கிறது. பள்ளியில் ஆயா, ஓட்டுநர் எல்லாரையும் சேர்த்துப் பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்து, நீங்களும் தொடர்ந்து 5 ஆண்டுகள் பணி முடித்திருந்தால், விலகும்போது ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியம் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது. மாத ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்கள் கணக்கில் 7,500-க்கும் 6 ஆண்டுகளுக்கும் அது சுமார் 25,960 ரூபாய். விலகும்போது அதைக் கேட்டு எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். மறுத்தால் தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம் முறையிடலாம், அதற்கு வழக்கறிஞர் கட்டாயம் இல்லை.

நியமன ஆணையும் இல்லை, சம்பளமும் ரொக்கம் என்பதால், நீங்கள் அங்கே வேலை செய்தீர்கள் என்பதற்கான ஆதாரத்தை இன்றிலிருந்தே சேருங்கள்: உங்கள் கையெழுத்துள்ள மதிப்பெண் அட்டைகள், வருகைப் பதிவேட்டின் படம், ஆண்டு விழா அழைப்பிதழ், நிர்வாகம் அனுப்பிய கைபேசிச் செய்திகள். இனிச் சம்பளத்தை வங்கிக் கணக்கில் போடச் சொல்லிக் கேளுங்கள். அதைத் தனியாகக் கேட்க வேண்டாம், யு.கே.ஜி. ஆசிரியையும் மற்றவர்களும் சேர்ந்து, ஒரே கடிதத்தில், மே மாதச் சம்பளத்தையும் சேர்த்துக் கேளுங்கள். தனி ஒருவர் கேட்டால் “பிடிக்கவில்லையென்றால் போகலாம்” என்பார்கள். ஜூன் முதல் வாரத்தில் ஐந்து பேரும் சேர்ந்து கேட்டால், சேர்க்கை நேரத்தில் ஐந்து புதிய ஆசிரியைகளைத் தேட எந்த நிர்வாகமும் விரும்பாது. அசல் சான்றிதழ்களைக் கேட்டால் நகல் மட்டும் கொடுங்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், வேறு எதைக் கேட்பதற்கு முன்பும் அவற்றைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, தினம் ஒரு பிள்ளையைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள்: இன்று என்ன செய்தான், எங்கே தடுமாறினான், நீங்கள் என்ன கேட்டீர்கள், அதற்கு என்ன செய்தான். 31 பிள்ளைகளில் சத்தம் போடாமல் மூலையில் உட்காரும் ஐந்தாறு பேரிலிருந்து தொடங்குங்கள்; அவர்களைப் பற்றித்தான் எழுத ஒன்றும் தோன்றாது, அங்கேதான் நீங்கள் கூர்ந்து பார்க்கப் பழகுவீர்கள். எழுதியதை இரவில் உங்கள் மாமியாருக்கு வாசித்துக் காட்டுங்கள். அங்கன்வாடி நேர்காணலுக்குப் போகும்போது சான்றிதழ்களோடு அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். அறிவிப்பு வந்ததும் எனக்கு எழுதுங்கள். விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் ஒருமுறை சேர்ந்து பார்த்துவிடுவோம்.